ஒன்பது இஞ்சுச் சுவர்: மேசன் பிரிவுச் செய்முறைத் தேர்வுக்கு நான் தயாரான விதம்

மாதிரித் தேர்வில் நான் கட்டிய 5 வரிச் சுவர் (ஒரு கல்லடுக்குக்கு ஒரு வரி) செங்குத்தாக நிற்கிறதா என்று பயிற்றுநர் தூக்குக்குண்டு கொண்டு சோதிக்கவே இல்லை. ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, மேல் வரியில் இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த செங்குத்துச் சந்தில் வைத்து, கையைத் தூக்காமல் அடி வரி வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டு அடுத்த மாணவரின் சுவருக்குப் போய்விட்டார். அந்தக் கோடு எங்கும் வளையாமல் நேராக இறங்கியதுதான் என் பிழை. ஒரு வரியின் சந்துக்கு நேர் மேலே அடுத்த வரியின் சந்து வரக் கூடாது. வந்தால், மேலே ஏறும் பாரம் பக்கத்துக் கற்களுக்குப் பரவ வழியில்லாமல், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் சுவர் அந்த இடத்தில் இரண்டு தனித் துண்டுகளாகத்தான் நிற்கும். வகுப்பிலேயே முதல் ஆளாகக் கட்டி முடித்த பெருமையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அன்று கிடைத்தது 100-க்கு 38.

சேலத்தில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு மேசன் பிரிவில் படித்தேன். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான தகுதி என்றாலும் நான் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுச் சேர்ந்தேன். என் அம்மா கட்டட வேலையில் 20 ஆண்டுகளாகச் சித்தாள். கல் சுமந்து, கலவை போட்டு, நூற்றுக்கணக்கான சுவர்கள் எழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஆனால் ஒரு நாள்கூடக் கரண்டியைப் பிடிக்கும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆண்கள் சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனாராவதும், பெண்கள் சித்தாளாகவே ஓய்வு பெறுவதும் நம் ஊர்ப் பக்கம் யாருக்கும் வியப்பளிக்காத செய்தி. அந்த வகுப்பில் நான் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், தம் வீட்டில் ஒரு சிறு சுவரைத் தாமே கட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கும் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சந்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாடநூலில் படமாகப் பார்த்தபோது எனக்கு அது விளங்கவே இல்லை. ஒன்பது இஞ்சுச் சுவரை இங்கிலீஷ் பாண்டு முறையில் கட்டும்போது, ஒரு வரி முழுவதும் நெடுக்குக் கற்களாகவும் (கல்லின் நீளம் சுவரின் நீளத்தோடு போகும்), அடுத்த வரி முழுவதும் குறுக்குக் கற்களாகவும் (கல்லின் நீளம் சுவரின் தடிமனுக்குள் போகும்) மாறி மாறி வரும். கலவையையும் சேர்த்து நாட்டுச் செங்கல்லின் நீளத்தை 9 இஞ்சு, அகலத்தை 4½ இஞ்சு என்று வைத்துக்கொண்டால், நெடுக்கு வரியில் சுவரின் முனையிலிருந்து 9, 18, 27 இஞ்சுகளில் சந்து விழும். குறுக்கு வரியிலோ 4½, 9, 13½, 18 என்று விழும். 9-இலும் 18-இலும் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. நான் கட்டிய சுவர் இதுதான். இதைத் தவிர்ப்பதற்காகக் குறுக்கு வரியில் முனைக் கல்லுக்கு அடுத்தபடியாக, நீளவாக்கில் பாதியாகப் பிளந்த கல் ஒன்றை வைக்க வேண்டும். அதற்குக் குயின் குளோசர் என்று பெயர். அதன் அகலம் 2¼ இஞ்சு. அதை வைத்த பிறகு சந்துகள் 4½, 6¾, 11¼, 15¾, 20¼ என்று நகர்ந்துவிடுவதால், கீழ் வரியின் எந்தச் சந்திலிருந்தும் குறைந்தது 2¼ இஞ்சு விலகியே நிற்கும். இந்த எண்களை ஒரு தாளில் நானே எழுதிப் பார்த்த மாலையில்தான், முனையில் எதற்காக அந்த ஒல்லிக் கல்லை வைக்கிறார்கள் என்பது பிடிபட்டது. படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். எண்களை எழுதிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு என் பயிற்சி முறையை மாற்றிக்கொண்டேன். பயிற்சிக்குச் சிமெண்டுக் கலவை தேவையில்லை. மண்ணைக் குழைத்துக் கட்டினால் மாலையில் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கி, மறுநாள் அதே கற்களைக் கொண்டு மீண்டும் கட்டலாம். அவ்வாறு ஒரே மூலைச் சுவரை இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 30 முறை கட்டிப் பிரித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் கலவை போடாமல், விரல் தடிமனுக்கு இடைவெளி விட்டு முதல் இரண்டு வரிகளையும் வெறுங்கல்லாக அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். கல் எங்கே வெட்டப்பட வேண்டும், கடைசியில் அரைக்கல் விழுகிறதா முக்கால் கல் விழுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, அந்தக் குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி வருகிறதா என்றும் அளப்பேன்.

கலவையை எனக்குக் கற்றுக் கொடுத்தது அம்மாதான். ஒன்பது இஞ்சுச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல், நாலரை இஞ்சுச் சுவருக்கு 4 பங்கு என்பது பாடத்தில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் எவ்வளவு என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். "கண்ணு, கலவ கரண்டிய விட்டு வழுக்கணும், ஓடக் கூடாது" என்பார். கரண்டியில் ஒரு கட்டி எடுத்துச் சாய்த்தால் அது மெல்ல நழுவ வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றாலும் தவறு, வழிந்தாலும் தவறு. சிமெண்டும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்த மணல்) ஒரே நிறமாகும் வரை உலரவே கலந்துவிட்டு, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் அவர்தான் கண்டிப்பாகச் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு சட்டி மணல் கூடுதலாகப் போடுவது அவருடைய வழக்கம். காரணம் கேட்டால், "ஈர மணலு பொய்யி காட்டும்" என்பார். பாடத்தில் மணல் உப்புதல் என்று வருவதும் இதைத்தான்: ஈரம் பட்ட மணல் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் சூழ்ந்து அவற்றைத் தள்ளி நிறுத்துவதால், அதே பெட்டி அளவில் மணல் உண்மையில் குறைவாகவே இருக்கும். கண்ணாடிக் குவளையில் ஈர மணலை 200 மி.மீ. உயரத்துக்கு நிரப்பி, பிறகு அதை நீரில் முழுக்கக் கலக்கிப் படியவிட்டால், 160 மி.மீ.க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். குறைந்த 40-ஐ 160-ஆல் வகுத்தால் 25 சதவீத உப்புதல் கிடைக்கும். அப்படியானால் அளவுப் பெட்டியில் மணலைக் கால் பங்கு கூட்டிப் போட வேண்டும். எழுத்துத் தேர்வில் இந்தக் கணக்கைச் செய்தபோது நான் அந்தச் சட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கலவையைச் சிறிது சிறிதாகவே போடுங்கள். சாதாரண சிமெண்டு தண்ணீர் பட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகு இறுகத் தொடங்கலாம் என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலில் பெரிய குவியலாகப் போட்டு வைத்துவிட்டு, இறுகிய பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறுவது சுவரைக் கெடுப்பதாகும். வெறுங்கையால் சிமெண்டைப் பிசையவும் வேண்டாம். அது தோலை அரித்துவிடும். கையுறை போடாத 20 ஆண்டுகளை என் அம்மாவின் விரல் நுனிகளில் பார்க்கலாம்.

செங்கல்லைச் சோதிப்பது எளிது. இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. 24 மணி நேரம் நீரில் ஊறிய பிறகு எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. உலர்ந்தபோது 3 கிலோ இருந்த கல், ஊறிய பின் 3½ கிலோ இருந்தால் ஏறத்தாழ 16.7 சதவீதம், எடுத்துக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும் வரை ஊறவிட வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு சிமெண்டு இறுகத் தண்ணீர் இருக்காது. தொட்டியிலிருந்து எடுத்த உடனே வைத்தால் கல் கலவையின் மேல் வழுக்கி நகரும் என்பதால் மேல் ஈரம் சற்று வடிய வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கற்கள் இப்போது இங்கே நிறையப் புழங்குகின்றன. நான் பயிற்சி செய்தது நாட்டுச் செங்கல்லில் என்பதால் இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றியதே.

இனி தூக்குக்குண்டும் மட்டமும். நூலில் கோத்த கட்டையைச் சுவரின் மேல் விளிம்பில் ஒட்டிப் பிடித்தால், கீழே தொங்கும் குண்டு சுவரை மெல்ல உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். குண்டு விலகி நின்றால் சுவர் மேலே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் முட்டி நூல் சரிந்தால் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு ஆடி அடங்கும் வரை பொறுக்காமல் அவசரத்தில் படித்த அளவு எதற்கும் உதவாது. வரி உயரத்துக்கு, சில்வர் ஓக் ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் கோடு கீறி வைத்துக்கொண்டேன். இரு மூலைகளையும் முதலில் படிப்படியாக உயர்த்தி, நடுவில் நூல் கட்டி நிரப்பும்போது, கல் நூலைத் தொடாமல் ஒரு நூலிழை விலகி இருக்கட்டும். ஒரு கல் நூலைத் தள்ளினால், அதற்குப் பின் வைக்கும் அத்தனை கற்களும் பொய்யான கோட்டில்தான் போய் நிற்கும்.

தேர்வு நாளன்று எங்களுக்கு வந்த வரைபடம் மூலைச் சுவர்தான்: இங்கிலீஷ் பாண்டு, மூலையிலிருந்து பிரியும் ஒவ்வொரு பக்கமும் 3 அடி, 6 வரி, நேரம் 5 மணி. முதல் 50 நிமிடங்கள் நான் கலவையைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் இரண்டு வரி ஏறிவிட்டதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது உண்மை. நான்காம் வரியில் தூக்குப் பார்த்தபோது வெளிப்பக்கம் 4 மி.மீ. சாய்வு தெரிந்தது. அந்த ஈரத்தில் கல்லைத் தட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்றுதான் கை போனது. ஆனால் படிந்துவிட்ட கல்லைத் தட்டினால் பிடிப்பு விட்டுப்போகும், சுவர் நேராகத் தெரிந்தாலும் அந்த வரி ஒட்டியிருக்காது. எனவே அந்த வரியை முழுவதும் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தேன். 25 நிமிடங்கள் போயின. சந்துகளைக் கீறிச் சுத்தம் செய்து முடித்தபோது 10 நிமிடங்கள் மிச்சம். தேர்வாளர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: நான்காம் வரியை ஏன் பிரித்தாய்? சொன்னேன். செய்முறையில் 86 வந்தது.

எழுத்துப் பகுதி கணினி வழியே நடந்தது. செங்கல் எண்ணிக்கைக் கணக்கு ஒன்றைப் பழகிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்: 10 அடி நீளம், 3 அடி உயரம், 9 இஞ்சு தடிமன் என்றால் 22½ கன அடி, கன அடிக்குச் சுமார் 14 கல் வீதம் 315, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 331. பெற்றோர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், இந்தப் படிப்புக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

தேர்வு முடிந்த பிறகு ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுத் தோட்டத்துக்கு 2½ அடி உயரச் சுவர் ஒன்றைக் கட்டினேன். சரிவான இடமாதலால் அடித்தளத்தைப் படிக்கட்டு போலப் படிகளாக வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியின் உயரமும் வரி உயரத்தின் மடங்காக இருக்கும்படி வெட்டினால்தான் எல்லா வரிகளும் மட்டமாகச் சேரும் என்பதை எந்தத் தேர்வும் என்னிடம் கேட்டதில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து மழைநீர் வந்து முட்டும் என்பதால் அடி வரிக்கு மேலே இடையிடையே குழாய்த் துண்டுகள் வைத்துத் துளை விட்டேன். ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் காட்டும் பொறுப்பைப் பெரியம்மாவிடம் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில், "மலையில மழ பேஞ்சுட்டே இருக்குது, இதுக்கு மேல தண்ணி வேற ஊத்தோணுமா?" என்று கேட்டார். மழை விட்ட வேளைகளில் மட்டும் சாக்கை நனைத்து மூடச் சொன்னேன்.