அரிமா நோக்கு: செலூஸ் நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 24, வியாழன்

மாலை நான்கு மணிக்கு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். தார் எஸ் சலாமிலிருந்து சிறு விமானம், பிறகு இரண்டரை மணி நேரம் திறந்த வண்டி. வழி நெடுகிலும் இலையுதிர்ந்த மியோம்போ காடு. செட்ஸி ஈக்கள் சட்டையையும் துளைத்துக் கடிக்கின்றன. நீலமும் கறுப்பும் அவற்றை இழுக்கும் என்பதால் இங்கே எல்லோரும் காய்ந்த புல்லின் நிறத்தில் உடுத்துகிறார்கள்.

2019இல் தென் தான்சானியாவின் செலூஸ் வனவிலங்குக் காப்பகத்தின் வடபகுதியில் 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பிரித்து, நியரேரே தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே வேட்டை கிடையாது. மிஞ்சிய பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேட்டைக்கு விடுகிறார்கள். அதில் ஒன்றில் இருக்கிறோம். தான்சானியாவில் சிங்கம் வேண்டுமென்றால் இருபத்தொரு நாள் பயணத்துக்குப் பதிந்துதான் வர வேண்டும்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். இந்த வேட்டையை நடத்தும் வழிகாட்டி, சிங்கத்தின் வயதைக் கணிக்க இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும் என்று அழைத்தார். எந்த விலங்கையும் நான் சுட்டதில்லை, சுடப்போவதும் இல்லை. ஆனால் சிங்க வேட்டையை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் பேசுவதை ஆண்டுக்கணக்கில் கேட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் வளர்த்து, பெரிதானதும் அவிழ்த்துவிட்டுச் சுடும் வியாபாரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அது வேட்டையே கிடையாது. குழப்பமெல்லாம் காட்டில் பிறந்து, காட்டில் திரியும் சிங்கத்தைப் பற்றித்தான். அதை நேரில் பார்க்க வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, சனி

நேற்று வீழ்த்திய காட்டெருமையின் பின்தொடையைச் சங்கிலியால் கிளையில் கட்டினோம். உயரத்தில்தான் சூட்சுமம். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஆண் சிங்கத்துக்கு எட்ட வேண்டும், கழுதைப்புலிக்கு எட்டக் கூடாது. கழுகுகளின் கண்ணில் படாதிருக்க மேலே தழை போட்டு மூடினார்கள். குடலை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போய் வாடையைப் பரப்பினார்கள். எழுபது மீட்டர் தள்ளிப் புல்லால் ஒரு மறைப்பு. இடத்தைத் தேர்ந்தவர் தடம் பார்க்கும் பெரியவர். எல்லோரும் அவரை 'ம்ஸே' என்கிறார்கள், சுவாஹிலியில் மூத்தவர் என்று பொருள். இடுப்பில் ஒரு சிறு துணிப் பை, உள்ளே சலித்த சாம்பல். தட்டினால் சாம்பல் போகும் திசையில் காற்று தெரிகிறது. பையைத் தட்டாமல் அவர் பத்தடி கூட எடுத்து வைப்பதில்லை.

இறைச்சி கட்டிச் சுடுவது கோழைத்தனம் என்றே நேற்றுவரை நினைத்திருந்தேன். வழிகாட்டி கேட்டார்: "தடம் பிடித்து நடந்து போனால், புதருக்குள் சிங்கத்தைப் பார்க்க உங்களுக்கு எத்தனை வினாடி கிடைக்கும்?" இரண்டு, மூன்று. அதற்குள் மூக்கின் நிறத்தையும் பல்லையும் யாரால் பார்க்க முடியும்? இங்கே ஒரு மணி நேரம் பார்க்கலாம், பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்தும் போகலாம். இதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இரண்டாவது மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவில் ஓர் ஆண் சிங்கம் சிக்கியிருக்கிறது. கழுத்தைச் சுற்றி அடர்ந்த பிடரி, நெஞ்சுவரை கருமை. சிங்கத்தைச் சுட உரிமம் வாங்கி வந்திருக்கும் விருந்தினர் படத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். செலூஸின் வெப்பத்தில் பிடரி பொதுவாகச் சொற்பமாகவே வளரும். இப்படி ஒன்றை இங்கே பார்ப்பது அரிது.

ஆனால் மூக்கு இளஞ்சிவப்பு. ஓரிரண்டு கரும்புள்ளிகள் மட்டும். முன்னங்காலின் உட்புறத்தில் குட்டிப் பருவத்துப் புள்ளிகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. முகத்தில் ஒரு தழும்பு கூட இல்லை. மூன்றரை, மிஞ்சிப் போனால் நான்கு வயது என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டியின் கணிப்பும் அதுவே.

செரெங்கெட்டியில் 1966இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிவைத்த ஆய்வைப் பின்னாளில் பல பத்தாண்டுகள் நடத்தியவர் கிரெய்க் பாக்கர். அவரது குழு 2004இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் எடுத்தால் சிங்கங்களின் எண்ணிக்கை தாங்கும், அதற்கு இளையவற்றைச் சுட்டால் சரியும். வயதை அறியும் வழியையும் சொன்னார்கள்: அங்கே ஐந்து வயதில் மூக்கு ஏறத்தாழப் பாதி கறுத்திருக்கும். ஊருக்கு ஊர் இது மாறும் என்பதால் மூக்கை மட்டும் நான் நம்புவதில்லை. பிடரியையோ அறவே நம்பக் கூடாது. முழு உருவப் பொம்மைச் சிங்கங்களுக்கு வெவ்வேறு பிடரி வைத்துப் பார்த்தபோது பெண்கள் கரும்பிடரியை நாடின, ஆண்கள் அதைக் கண்டு விலகின. பிடரி சிங்கங்கள் ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ளும் அடையாளம், நாம் அவற்றின் வயதைப் படிப்பதற்கான ஏடாக அது உருவாகவில்லை.

விருந்தினர் இரவு உணவில் பேசவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். எழும்போது, "மூக்கை எப்படிப் பார்ப்பது என்று நாளைக்கு எனக்கும் கற்றுக் கொடுங்கள்" என்றார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நேற்றிரவு முழுநிலா. ஊரில் ஆவணிப் பௌர்ணமி. மணலில் மரநிழல் கோலம் போட்டது போல் விழுந்துகிடந்தது. எந்த மரத்திலும் இறைச்சி தொடப்படவில்லை. நிலவொளியில் சிங்கத்துக்கு இரை எளிதில் அகப்படாது, அது பட்டினி கிடக்கும் நாட்கள் இவை.

இதைச் சொன்னபோது ம்ஸே கேட்டார்: "டக்டாரி, அந்தப் பட்டினி யார்மேல் இறங்கும், தெரியுமா?" டாக்டரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். முழுநிலா கழிந்த அடுத்த நாட்களில் நிலவு தாமதமாக எழுகிறது. அந்தி முடிந்ததும் கும்மிருட்டு. மனிதர்கள் இன்னும் வெளியே நடமாடும் நேரம் அது. தென் தான்சானியாவில் சிங்கம் ஆளைப் பிடிப்பது அந்த நாட்களில்தான் அதிகம் என்பதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ம்ஸேயின் ஊரில் அது பாட்டிமார் சொல்லும் எச்சரிக்கை.

1990 தொடங்கி 2004 வரை தான்சானியாவில் சிங்கங்கள் 563 பேருக்கு மேல் கொன்றன, 308 பேரையாவது காயப்படுத்தின. பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றியின் பின்னால் சிங்கம் வருகிறது. பன்றியை விரட்ட வயலில் தட்டிக் குடிசை போட்டுப் படுத்திருப்பவன் அகப்படுகிறான். ம்ஸேயின் பெரியம்மா மகன் அப்படித்தான் போனார். "எங்கள் ஊரில் சிங்கத்தை யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் பிடிக்கும். ஏனென்றால் அதன் தடத்தைப் படித்துத்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்" என்றார். நஞ்சு வைத்தால் ஒரே இரவில் கூட்டமே அழியும், கழுகுகளும் சேர்ந்து சாகும். ஊரார் அதைச் செய்யாமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். தொலைவில் இருந்துகொண்டு சிங்கத்தை நேசிக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் காரணத்தைக் கொடுத்திருக்கிறோமா என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத காலை.

ஐந்து மணிக்கு மறைப்புக்குள் போய்விட்டோம். விடியும்போது மரத்தடியில் இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள். சற்றுத் தள்ளிப் புல்லில் நான்கு குட்டிகள், மூன்று மாதம் இருக்கும். ஆண்களில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருந்தது. மூக்கு முக்கால்வாசி கறுப்பு, பற்கள் மஞ்சளேறி முனை மழுங்கியவை. ஏழு வயது என்று எழுதி நீட்டினேன். சட்டப்படி சுடலாம். அரசு வனக்காவலர் தலையசைத்தார். விருந்தினரின் துப்பாக்கி தாங்குகோலில் தயாராக இருந்தது.

வழிகாட்டி தன் உள்ளங்கையைக் குழலின்மேல் வைத்து, மெல்லக் கீழே அழுத்தினார்.

அந்தக் கணத்தில் காதுகிழிந்தவன் எழுந்து நான்கடி நடந்தான். நின்றான். தலையைத் திருப்பிக் குட்டிகளைப் பார்த்தான், பிறகு எங்கள் பக்கம் பார்த்தான். சூத்திரம் ஒன்று முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்ந்து பொருள் தருவதை அரிமா நோக்கு என்று நம் இலக்கணம் சொல்கிறது. நடந்து போகும் சிங்கம் நின்று முன்னும் பின்னும் பார்க்குமே, அந்தப் பார்வை. பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லுக்கு உயிர் இருப்பதை இன்றுதான் கண்டேன். சுடுகிறவனுக்கும் அந்த நோக்கு வேண்டும். துப்பாக்கிக்கு எதிரே நிற்பது ஒற்றை விலங்கு போலத் தோன்றுகிறது. அதன் பின்னால் இரண்டு ஆண்டு உழைப்பு, முன்னால் இன்னும் இரண்டு ஆண்டு.

இதை முகாமில் விருந்தினருக்கு விரிவாகச் சொன்னேன். ஆண் சிங்கங்கள் கூட்டத்தைத் தம் வசம் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. குட்டிகள் தம் காலில் நிற்கவும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். இருவரில் ஒருவன் விழுந்தால் மற்றவனால் தனியாகத் தாக்குப் பிடிக்க முடியாது. புதிதாக வரும் ஆண்கள் செய்யும் முதல் வேலை குட்டிகளைக் கொல்வது. குட்டி இழந்த தாய் விரைவில் மீண்டும் பருவத்துக்கு வருவாள் என்பதே அதன் காரணம். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 34 ஆய்வுக் காலத்திலேயே இறந்தன, அவற்றில் 24 வேட்டைக்காரர்கள் சுட்டவை. பூங்காவுக்கு வெளியே ஓர் ஆண் விழுந்ததும் அந்த வெற்றிடத்துக்குள் பூங்காவின் அடுத்த ஆண் இழுக்கப்பட்டது, அதுவும் சுடப்பட்டது. 2015இல் வேட்டையில் கொல்லப்பட்டு, உலகமே பேசிய சிசில் அந்தப் பூங்காவின் சிங்கம்தான். அதற்கு வயது 13. வயதுக் கணக்கு மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். அதனால்தான் வயது என்ற ஒற்றை விதி எனக்குப் போதவில்லை.

வழிகாட்டிக்கு இன்று ஒரு சிங்கத்தின் வருமானம் போயிருக்கலாம். அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

ஒன்றும் இல்லை. வெயில். அழுகிய இறைச்சியை மாற்றினோம்.

செப்டம்பர் 8, வெள்ளி

வறண்ட ஆற்றங்கரையில் தனித்த ஒரு தடம். ம்ஸே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பாதத்தின் பின்விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது, வலது பின்காலைச் சற்று இழுத்து நடக்கிறது. கூட எந்தத் தடமும் இல்லை. "இவரும் ம்ஸேதான்" என்றார்.

மாலையில் கேமராப் படம் வந்தது. இடுப்பெலும்பு துருத்திய கிழ ஆண். பிடரி உதிர்ந்து தோளில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மூக்கு முழுக்கக் கறுப்பு. முகாமில் பழைய படங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிங்கத்தின் மேலுதட்டில் மீசை முளைக்கும் புள்ளிகளின் வரிசை கைரேகை போல, ஆயுள் முழுக்க மாறாது. விருந்தினரும் நானும் லாந்தர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். பதினொரு மணிக்கு அவர்தான் கண்டுபிடித்தார். 2017இல் எடுத்த படம். அதே புள்ளிகள். அப்போதே முழு வளர்ந்த ஆண், பக்கத்தில் இன்னோர் ஆண், சுற்றிலும் பெண்கள். ஆக இன்றைக்குப் பத்து வயதுக்குக் குறையாது.

அந்தப் படத்தை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலை 6.25. கிழவர் மரத்தடியில் எழுந்து நிற்க மூன்று முறை முயன்றார், இறைச்சி எட்டவில்லை. பிறகு பக்கவாட்டில் திரும்பினார். முன்னங்கால் முன்னே நகர்ந்ததும் விருந்தினர் சுட்டார். ஒரே குண்டு, தோளுக்குச் சற்றுப் பின்னால். முப்பது மீட்டர் ஓடிப் புல்லுக்குள் மறைந்தார். அரை மணி நேரம் யாரும் அசையவில்லை. காயம்பட்ட சிங்கத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது, அவசரப்பட்டுப் பின்னால் போகவும் கூடாது. ம்ஸே முன்னால், வழிகாட்டி அவர் தோளருகே. போனபோது மூச்சு நின்றிருந்தது.

விருந்தினர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் எடுக்கட்டுமா என்று யாரோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

நான் என் வேலையைச் செய்தேன். கீழ்க் கோரைப்பல் ஒன்று வேரோடு முறிந்து ஆறியிருந்தது. தாடையிலும் முன்னங்காலிலும் முள்ளம்பன்றி முட்கள் ஒடிந்து உள்ளேயே தங்கிச் சீழ் வைத்திருந்தன. பெரும்பாலும் வேறு இரை கிடைக்காத சிங்கம்தான் முள்ளம்பன்றியிடம் போகும். இரைப்பையில் இரண்டு நாள் முன்பு நாங்கள் கட்டிய இறைச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. பல்லின் உட்குழியை எக்ஸ்ரே எடுப்பதற்காக ஒரு முன்கடைவாய்ப் பல்லை எடுத்து வைத்தேன். வயது ஏற ஏற அந்தக் குழி மூடிக்கொண்டே வரும்.

இந்தச் சாவு நியாயமானது என்று என் அறிவு சொல்கிறது. அதைச் சொல்லும்போதே கை நடுங்கியது. இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 13, புதன்

கடைசி நாள். விடியலில் காதுகிழிந்தவனும் அவன் துணையும் ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து கர்ஜித்தார்கள். கிழவரின் இடம் அது. அமைதியான இரவில் அந்தக் குரல் எட்டு கிலோமீட்டர் தாண்டும். சிங்கங்கள் கர்ஜனையைக் கேட்டே எதிரில் எத்தனை பேர் என்று எண்ணிவிடும். ம்ஸே விரல் இரண்டை உயர்த்திக் காட்டினார்.

விமானத்துக்கு முன் ஆற்று மணலுக்குப் போனோம். பெண்களின் தடங்கள் புதிதாக இருந்தன, பக்கத்தில் குட்டிகளின் தடங்கள். ம்ஸே ஒவ்வொரு குட்டியின் தடத்துக்கும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு எண்ணினார். மூன்று. மறுபடி எண்ணினார். கரையின் இருபுறமும் போய்ப் பார்த்தோம், நாணலுக்குள்ளும் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. வண்டி இரண்டு முறை ஒலி எழுப்பியது. ம்ஸே இன்னும் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார்.