எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

கொழும்பில் புலனாய்வோடு தொடர்புள்ள ஓர் அரச அலுவலகத்தில் தமிழ்ப் பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் மேடைப் பேச்சுக்களையும் படித்து அறிக்கை எழுதுவது பல வருடங்களாக என் வேலை. வேலை எங்கே என்று சொன்னதும் பேச்சை மாற்றிய உறவினர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. எங்கள் சனம் அந்தப் பயத்தைச் சும்மா பழகிக்கொள்ளவில்லை.

காலையில் பத்திரிகைக் கட்டு மேசைக்கு வரும். மரண அறிவித்தல் முதல் திருவிழா விளம்பரம் வரை படிக்க வேண்டும். எங்கே யார் கூடுகிறார்கள், யாருடைய பேச்சு திடீரென்று சூடேறியிருக்கிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் அடக்குவேன். கோப்பு மேலே போகும். ஓரத்தில் ஒரு சுருக்கொப்பமும் ‘தேவையான நடவடிக்கைக்கு’ என்ற வரியுமாக வேறொரு மேசைக்கு இறங்கும். அங்கிருந்து இன்னொரு மேசைக்கு. யாருடைய நடவடிக்கை, எப்போதைக்குள் என்று அதில் இருக்காது. ஒவ்வொருவரும் கடமையை முடித்திருப்பார்கள். காரியம் மட்டும் நடந்திருக்காது.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையில் தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடக்கலாம் என்று இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை கிடைத்தது. 9ஆம் திகதி அது கடிதமாகப் பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசைக்கு நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 100 மில்லியன் ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரை 75 மில்லியன் ரூபாவும் நட்டஈடு செலுத்தப் பணித்தது. தகவல் கையில் இருந்ததே குற்றத்தின் பாரத்தைக் கூட்டியது.

அதைவிட என்னை உறுத்துவது மட்டக்களப்பு மாவட்டத்தின் வவுணதீவில் நடந்தது. 2018 நவம்பர் 30ஆம் திகதி அங்கே காவலில் நின்ற பொலிஸார் இருவர் கொல்லப்பட்டபோது, சந்தேகம் நேரே விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள்மேல் விழுந்தது; ஒருவர் சிறையிலும் இருந்தார். கொன்றவர்கள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது, அத்தனை உயிர்களும் போன பிறகே வெளிவந்தது. பழைய எதிரியையே தேடிய கண்ணுக்குப் புதியவன் தெரியவில்லை. சந்தேகிப்பதற்குத் தோதான இனமோ மதமோ ஒன்று எப்போதும் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொள்வது புலனாய்வு அல்ல, சோம்பல்.

என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகளிடம் கண்டதை ஒரு பந்தியிலும் ஊகத்தை வேறொரு பந்தியிலும் எழுதச் சொன்னேன். கடைசி வரியில், இன்று யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று பதவியோடு குறிக்கச் சொன்னேன். மேலே இருந்த ஒருவர் அது அவருக்கு உத்தரவிடுவது போல இருக்கிறது என்று சினந்தார். பிள்ளைகள் தொடர்ந்தும் அப்படியே எழுதுகிறார்கள்.