கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில ஆரம்பிச்சது: என் ஒரு வருஷ பூச்சி லாக்

போன வருஷம் அக்டோபர் கடைசி, குளிர் ஏற ஆரம்பிச்சிடுச்சேன்னு கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள்ள வைக்கத் தூக்கினேன். அடியில ஒரு இருபது முப்பது சாம்பல் கலர் ஜந்து, வெளிச்சம் பட்டதும் நாலா பக்கமும் ஓடுச்சு. பக்கத்துல நின்ன என் பொண்ணு "அப்பா இது என்ன?"ன்னா. பூச்சிம்மான்னேன். "என்ன பூச்சி?"ன்னா. வுட்லவுஸ்னு பேர் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அவ விடல, குந்தி உட்கார்ந்துக்கிட்டு "இது ஓடுது, இது உருண்டையாகுது, ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேட்டா. தென் லண்டன்ல இத்தனை வருஷமா இருக்கேன், தினம் செருப்புக்கடியில ஓடுற ஒண்ணுக்குப் பேர் சொல்ல வரல. அது ராத்திரி வரைக்கும் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

தேடிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, அது பூச்சியே இல்ல. நண்டு, இறால் வகையறா. ஏழு ஜோடி கால், எண்ணிப் பார்த்தா பதினாலு. குட்டியா இருக்கும்போது ஆறு ஜோடிதான் இருக்கும், தோல் உரிச்சப்புறம்தான் ஏழாவது ஜோடி வரும். அம்மா முட்டையை வயித்துக்கடியில ஒரு பையில தண்ணியோட வச்சு சுமக்குது, கரைக்கு வந்தும் அதுங்க கடலை விடலைன்னு தோணுச்சு. ஊருக்கு ஊர் செல்லப் பேர் வேற இருக்கு இங்க, ஸ்காட்லாந்துல ஸ்லேட்டர், டெவன் பக்கம் சக்கி பிக், நம்ம சர்ரேல சீஸி பாப். இத்தனை பேர் வச்சுக் கூப்பிட்ட ஜனங்க கண்டிப்பா இதை ஆசையா உட்கார்ந்து பார்த்திருப்பாங்க.

பிரிட்டன்ல பூச்சி மட்டுமே 24,000 வகைக்கு மேல. வுட்லவுஸ் 40 சொச்சம்தான், அதுலயும் அஞ்சே அஞ்சு வகை எங்க போனாலும் கிடைக்கும். அஞ்சுன்னா என்னால முடியும்னு தோணுச்சு, அங்கேயே ஆரம்பிச்சேன். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான், பட்டாம்பூச்சி அழகுதான் ஆனா நீங்க குனியறதுக்குள்ள பறந்துடும், வுட்லவுஸ் ஜனவரி குளிர்லயும் கல்லுக்கடியில உங்களுக்காக இருக்கும்.

முதல் ரெண்டு மாசம் பண்ணது எல்லாம் தப்பு. கலரை வச்சுப் பேர் சொன்னேன். சாம்பலா சொரசொரன்னு இருந்தா போர்செல்லியோ ஸ்கேபர், பளபளன்னு ஓரம் வெளுத்திருந்தா ஓனிஸ்கஸ் அசெல்லஸ், இப்படித்தான் போட்டுட்டிருந்தேன். அப்புறம் வேலிக்கட்டைப் பட்டையை நீக்கினா ஆரஞ்சு கலர்ல ஒண்ணு, திட்டுத்திட்டா ஒண்ணு, ரெண்டுமே ஸ்கேபராம். அப்போதான் லென்ஸ் வாங்கினேன், பத்து மடங்கு பெருசாக் காட்டுற மடக்கு லென்ஸ், கழுத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கலாம். இதைப் பிடிக்கிறதுலயே ஒரு விஷயம் இருக்கு. படம் பார்க்கிற மாதிரி கையை நீட்டிப் பிடிச்சா ஒண்ணும் தெரியாது, லென்ஸைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு, ஜந்துவை மெதுவா லென்ஸ் பக்கம் கொண்டு வரணும். அது தெரியாம ஒரு மாசம் லென்ஸ் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.

எங்க பார்க்கணும்னா, உணர்கொம்போட நுனி. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கி வந்து, கடைசியில மெல்லிசா சாட்டை மாதிரி ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டுல கணு எத்தனைன்னு எண்ணணும். ரெண்டுன்னா ஸ்கேபர், மூணுன்னா ஓனிஸ்கஸ். அவ்வளவுதான், கலரையெல்லாம் விட்டுடலாம். ஒரு சின்ன கண்ணாடி டப்பாவுல போட்டு மூடி மேல வெளிச்சம் விழற மாதிரி வச்சுப் பார்த்தேன், அது உணர்கொம்பை ஆட்டிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் சும்மா இருங்கன்னு அதுகிட்ட கெஞ்சத் தோணும், திடீர்னு ஒரு நொடி நிக்கும், அப்போ எண்ணிடணும். ஒண்ணு, ரெண்டு. முதல் தடவை எண்ணி முடிச்சப்போ கை நடுங்குச்சு, பொய்யில்ல. டப்பாவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தா ஸ்கேபருக்குப் பின்பக்கம் வெள்ளையா ரெண்டு ஜோடி புள்ளி தெரியும், அதுதான் அது காத்து மூச்சு விடற இடம். ஓனிஸ்கஸுக்கு அந்த வெள்ளை கிடையாது.

மூணாவது ஃபிலோஸ்கியா மஸ்கோரம், இது சுலபம், வேகமா ஓடும், முதுகு நடுவுல கருப்பா ஒரு கோடு, உடம்பு வால் பக்கம் போகும்போது படக்குன்னு குறுகி படி வச்ச மாதிரி இருக்கும். நாலாவது உருண்டையாகுற அர்மடில்லிடியம் வல்கேர், பொண்ணு கேட்ட அந்த உருண்டை. ரெண்டும் ஒண்ணா இல்லம்மா, வேற வேறன்னு அவகிட்ட சொல்ல எனக்கு டிசம்பர் ஆச்சு.

ஒரு நாள் ஒண்ணு முன்பாதி சாம்பலும் பின்பாதி வெளுப்புமா இருந்துச்சு, புது வகைன்னு குதிச்சேன். தோல் உரிச்சிட்டிருந்தது அது. வுட்லவுஸ் சட்டையை ரெண்டு தவணையா உரிக்கும், முதல்ல பின்பாதி, கொஞ்ச நாள் கழிச்சு முன்பாதி, அதனால முழுசா பலவீனமா என்னைக்கும் இருக்காது. இதைப் பார்த்த நாள்ல இருந்து எனக்கு அதுங்க மேல ஒரு மரியாதை.

பிப்ரவரியில சிமெண்ட் ஸ்லாப் ஒண்ணை நெம்பினேன், கீழே எறும்புப் புத்து. எறும்புங்க நடுவுல வெள்ளை வெளேர்னு அரிசி நொய் மாதிரி நாலஞ்சு நகர்ந்துச்சு. எறும்பு முட்டைன்னு நெனச்சு ஸ்லாப்பை இறக்கப் போயிட்டேன், கால் அசையறதைப் பார்த்து லென்ஸை எடுத்தேன். பிளாட்டியார்த்ரஸ். எறும்புப் புத்துக்குள்ளயே வாழுற வுட்லவுஸ், கண்ணே கிடையாது, இருட்டுலயே இருக்கிறதால கலரும் கிடையாது. எறும்புங்க அதை ஒண்ணும் பண்ணல, மேல ஏறி இறங்கிப் போயிட்டிருந்துச்சு. எங்க வீட்டுப் பின்னாடி, நான் தினம் துணி காயப்போட நிக்கிற ஸ்லாப்புக்கு அடியில! ஸ்லாப்பை எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா இறக்கி வச்சேன், அதுக்கப்புறம் அதை நெம்பினதே இல்ல.

ஏப்ரல்ல வெயில் வந்ததும் பறக்கிறது பக்கம் போனேன், அங்கதான் நல்லா அடி வாங்கினேன். ஐவி இலை மேல ஒரு பொறிவண்டு, கருப்பு உடம்புல நாலு சிவப்புப் புள்ளி. ரெண்டு புள்ளிப் பொறிவண்டுக்கு இப்படி ஒரு கருப்பு ரகம் உண்டுன்னு படிச்சிருந்தேன், அது இப்போ ரொம்பக் குறைஞ்சிடுச்சுன்னும் படிச்சிருந்தேன், சந்தோஷத்துல போட்டோ எடுத்து ஐரெக்கார்டுங்கிற பதிவுத் தளத்துல ஏத்திட்டேன். அங்க நாம போடறதை அந்தந்த வகையில அனுபவம் உள்ளவங்க சரிபார்ப்பாங்க. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, ரொம்ப பொறுமையா எழுதியிருந்தாங்க, கால் கலரையும் அடிவயித்தையும் பாருங்கன்னு. கால் பழுப்பு, அடிவயித்து ஓரம் செம்பழுப்பு. ரெண்டு புள்ளிக்கு காலும் கருப்பு, அடியும் கருப்பு. நான் பார்த்தது ஹார்லெக்வின், ஆசியாவுல இருந்து அசுவினியைத் தின்ன வைக்கிறதுக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தது, 2004ல எஸெக்ஸ்ல முதல்ல தெரிஞ்சு இன்னைக்கு ஊர் முழுக்க இருக்கு. ரெண்டு புள்ளி குறைஞ்சதுக்கே இதுவும் ஒரு காரணம். பேர் மாறிப் போனது எனக்கு ரொம்ப வலிச்சுது, ஏன்னா இதெல்லாம் கணக்குல சேருது, எது குறையுது எது பரவுதுன்னு 1964ல இருந்து இந்த நாட்டுல பதிவு மையம் வச்சு சேர்த்துட்டு வராங்க, அதுல நான் இல்லாத ஒண்ணை இருக்குன்னு எழுதப் பார்த்திருக்கேன். அன்னையில இருந்து பொறிவண்டை டப்பாவுல போட்டு அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுக்காம நான் எதையும் ஏத்துறதில்ல.

மே, ஜூன் முழுக்க ஹோவர்ஃப்ளை. இது ஈ ஜாதி, ஆனா குளவி மாதிரியும் தேனீ மாதிரியும் வேஷம் போடும், கொட்டாது. குளவி, தேனீக்கு நாலு றெக்கை, ஈக்கு ரெண்டு. பூ மேல உட்கார்ந்திருக்கும்போது றெக்கை எண்ண வராது, அதனால உணர்கொம்பைப் பாருங்க, பெரும்பாலும் குட்டையா இருந்தா ஈ. றெக்கை நடுவுல எந்த நரம்போடயும் சேராம ஒரு பொய் நரம்பு ஓடும், அது இருந்தா ஹோவர்ஃப்ளை. 280 வகைக்கு மேல இருக்கு, நான் ரெண்டே ரெண்டைப் பிரிச்சுக் காட்டணும்னு உட்கார்ந்தேன், எரிஸ்டாலிஸ் டெனாக்ஸும் எரிஸ்டாலிஸ் பெர்டினாக்ஸும். ரெண்டும் அசல் தேனீ மாதிரி பழுப்பா இருக்கும். பெர்டினாக்ஸுக்கு முன்னங்கால், நடுக்கால் பாதம் வெளிர் மஞ்சளா இருக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி. டெனாக்ஸுக்குக் கண்ணுலயே முடி, அதுல மேலிருந்து கீழ கருப்பா ரெண்டு பட்டை. ஒரு நாள் டாண்டிலியன் பூ மேல ஒண்ணு குளிர்ல விறைச்சு அசையாம இருந்துச்சு, முகத்துக்கு நேரா லென்ஸைக் கொண்டு போனேன். கண்ணு முழுக்க வெல்வெட், நடுவுல ரெண்டு கோடு, முன்னங்காலால முகத்தைத் துடைச்சுது, பாதத்துல மகரந்தம் ஒட்டியிருந்துச்சு. டெனாக்ஸ். வெயில் ஏறினதும் உடம்பை உதறிட்டுப் பறந்துடுச்சு, நான் அங்கேயே புல்லுல உட்கார்ந்துட்டேன் கொஞ்ச நேரம்.

பம்பிள் பீ, அதாவது குண்டா முடி அடர்ந்த தேனீ ஜாதி, அதைப் பத்தி அதிகம் சொல்லல, ஒண்ணு மட்டும். மரத்து பம்பிள் பீ 2001ல தான் இந்த நாட்டுக்கு வந்துச்சு, நெஞ்சு செம்பழுப்பு, வயிறு கருப்பு, வால் வெள்ளை, குழப்பமே வராது. ஆனா டெரெஸ்ட்ரிஸ், லூக்கோரம்னு வேற ரெண்டு பம்பிள் பீ வகை இருக்கு, அதுங்களோட வேலைக்காரத் தேனீயைக் களத்துல பார்த்துப் பிரிக்க முடியாது, அனுபவஸ்தர்களே ரெண்டுல ஒண்ணுன்னுதான் எழுதுறாங்க. ஆரம்பத்துல இது எனக்குப் பிடிக்கல, முழுப் பேர் வேணும்னு இருந்துச்சு. போன்ல இருந்த ஆப் வேற எதைக் காட்டினாலும் ஒரு பேர் சொல்லிடும். பொறிவண்டு விஷயத்துக்கு அப்புறம்தான் புரிஞ்சது, தெரிஞ்ச வரைக்கும் எழுதிட்டு நிறுத்துறதும் இந்த வேலையில ஒரு பாதி.

ஜூலையில வாண்டில் ஆத்துல இறங்கினேன். க்ராய்டன், கார்ஷால்டன்ல ஊத்தெடுத்து வாண்ட்ஸ்வொர்த்ல தேம்ஸோட சேருற சின்ன ஆறு, சுண்ணாம்புப் பாறையில இருந்து வர்ற தெளிஞ்ச தண்ணி. ஆத்துப் பூச்சி கணக்கெடுக்கிற தன்னார்வலர்களோட போனேன். வலையைத் தண்ணி ஓட்டத்துக்கு எதிரா வச்சு, அதுக்கு முன்னாடி தரையைக் காலால மூணு நிமிஷம் உதைக்கணும், அப்புறம் ஒரு நிமிஷம் கல்லைப் புரட்டிக் கையால தேடணும். வலையை வெள்ளை ட்ரேயில கொட்டினா முதல்ல வெறும் மண்ணும் இலையும்தான், கொஞ்சம் பொறுத்தா எல்லாம் அசைய ஆரம்பிக்கும். ஒருச்சாய்ச்சுப் படுத்துக்கிட்டு நீந்துறது கேமரஸ் இறால். மூணு வால், வயித்து ஓரம் செவுள் ஆடுறது மேஃப்ளைக் குஞ்சு, ரெண்டே வால்னா ஸ்டோன்ஃப்ளைக் குஞ்சு. மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டி அதை இழுத்துட்டே போறது கேடிஸ். அன்னைக்கு எங்க ட்ரேயில ஸ்டோன்ஃப்ளை வரல.

ட்ரே மூலையில ஒண்ணு நகர்ந்துச்சு. சாம்பல், தட்டை, பதினாலு கால். எனக்கு நெஞ்சு படபடன்னுச்சு, நம்ம ஆளு தண்ணிக்குள்ள எப்படின்னு. அசெல்லஸ் அக்வாட்டிகஸ், தண்ணியிலேயே தங்கிட்ட சொந்தக்காரன், அழுகின இலையைத் தின்னுக்கிட்டு. கரையில இருக்கிறதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா அப்படியே அண்ணன் தம்பி. எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் திரும்ப ஆத்துல விட்டோம். பூட்ஸையும் வலையையும் வீட்டுக்கு வந்து கழுவி முழுசா காய வைக்கணும், ஈரத்தோட அடுத்த ஆத்துக்குப் போனா வேண்டாத ஜந்துவும் நோயும் கூடவே போகும்.

ஆகஸ்ட்ல சர்ரேல இருக்கிற பாக்ஸ் ஹில் குன்றுக்குப் போனப்போ பொண்ணு இலைக்கடியில கருகருன்னு ஒரு உருண்டை எடுத்து அர்மடில்லிடியம்னா. அவ உள்ளங்கையிலயே வச்சுக் காத்திருந்தோம், மெல்ல விரிஞ்சது. வால் பக்கம் சின்னச் சின்ன தகடுங்களா இல்லாம ஒரே பெரிய தகடு, கால் பதினாலைத் தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. உருண்டையாகுற ரயில் பூச்சி அது, குளோமெரிஸ். பதினாலுக்கு மேல எண்ணும்போதே அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு, நான் சொல்லவே இல்ல.

அஞ்சுல நாலுதான் ஆகியிருந்துச்சு. அஞ்சாவது டிரைக்கோனிஸ்கஸ், அஞ்சு மில்லிமீட்டரைத் தாண்டாது, ஊதா கலந்த சிவப்பு, ஈர இலைக்குள்ள இருக்கும். ஒரு வருஷமா தேடினேன், கிடைக்கல. இந்த நவம்பர் முதல் வாரம், கறிவேப்பிலைத் தொட்டியை உள்ள எடுக்கிற நாள். ராத்திரி முழுக்க மழை. தொட்டியைத் தூக்கினேன், ஸ்கேபர் கூட்டம் ஓடுச்சு, அதுங்க போனப்புறம் ஈர மண்ணுல ஒட்டின ஒரு இலையை நகத்தால தூக்கினா, அங்க ஒயின் கலர்ல ஒரு துளி நகர்ந்துச்சு. பொண்ணைக் கூப்பிட்டேன், அவ ஸ்கூல் ஷூவோட ஓடி வந்து லென்ஸைப் பிடுங்கிக் கண்ணுல ஒட்டி வச்சுக்கிட்டா. ஆனா பேரை முழுசா எழுத முடியாது, புசில்லஸும் ப்ரோவிசோரியஸும் ஆண் ஜந்துவை அறுத்துப் பார்த்தாதான் பிரியும், அதுக்கு எனக்கு மனசு வரல. நோட்டுல "டிரைக்கோனிஸ்கஸ் புசில்லஸ் வகையறா, 1, தொட்டிக்கு அடியில"ன்னு எழுதினேன். இலையைத் திரும்ப மேல மூடிட்டு, தொட்டியை மட்டும் உள்ள எடுத்து வச்சோம்.