அம்மாவின் விமானக் கணக்கு

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. நாலேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். டிக்கெட்டைப் பார்த்த அம்மாவுக்குத்தான் குழப்பம். "போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால்தானா? திரும்பி வர்றது வேற பிளேனாடா?"

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். முன்பெல்லாம் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். 1982-இல் தீபகற்ப மலேசியா, அந்நாட்டின் கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றினால் நாமும் மாற்றத்தானே வேண்டும், சிங்கப்பூரும் கூடவே அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது.

எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"சரி, பிரஷர் மாத்திரையை எந்த ஊர் எட்டு மணிக்குப் போடுறது?"