பத்மினிக்கு பின் ஷாக் அப்சார்பர் வீட்டுலயே மாத்தியாச்சு

கொஞ்ச நாளா ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனாலே எங்க பத்மினி கார் பின் சீட்டுல இருக்கறவங்கள தொட்டில் கணக்கா ஆட்டிட்டு இருந்துச்சு. டிக்கிய அமுக்கி விட்டுப் பாத்தேன், ஒரு தடவ மேல வந்து நின்னுச்சுன்னா ஷாக் நல்லாருக்குன்னு அர்த்தம், இது பாட்டுக்கு ஆடுது. கீழ குனிஞ்சா ஷாக்கு முழுக்க ஆயில் கசிஞ்சு புழுதி அப்பிக் கெடக்கு.

வண்டி வெயிட்ட ஷாக்குதான் தாங்குதுன்னு பல பேர் நெனைக்கறாங்க. பின்னாடி தாங்கறது பிளேட்டு செட்டுங்க, அதான் பட்டை பட்டையா அடுக்கி வெச்ச லீஃப் ஸ்பிரிங். ஷாக்கு உள்ள இருக்கற ஆயில் சின்ன ஓட்டை வழியா கஷ்டப்பட்டு போகுது, அந்த ஆட்டம் சூடா மாறி அடங்குது, அவ்ளோதான். அதனால பின் ஷாக்க கழட்டுனா ஸ்பிரிங் எதுவும் தெறிச்சு வராது, தைரியமா வீட்டுல பண்ணலாம்.

1974-ல ஃபியட்டுக்கு பத்மினின்னு பேர் வெச்சாங்க, தயாரிப்பு நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப ஸ்பேர்ஸ்னா ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு அலையணும். "பழைய ஸ்டாக்கு, பிரிக்கவே இல்ல சார்"னு குடுத்தா உஷாரா இருங்க, சும்மாவே கெடந்து சீல் ரப்பர் காஞ்சிருக்கும். வாங்கறதும் ஜோடியாதான், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா ஓடும்போது வண்டி ரோட்டுல ஒழுங்கா நிக்காது.

முன் வீலுக்கு கட்டை குடுத்துட்டு பின்னாடி ஜாக்கில தூக்கி, வண்டிய தாங்குற இரும்பு ஸ்டாண்ட ஆக்ஸில் குழாய்க்கு (ரெண்டு பின் வீலையும் சேக்குற குழாய்) அடியில வைங்க. பாடிக்கு அடியில வெச்சா ஷாக்க கழட்டுனதும் ஆக்ஸில் தொங்கி பிரேக் ஹோஸ (பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய்) இழுக்கும். செங்கல், ஹாலோ பிளாக்கு எல்லாம் வேணவே வேணாம், நொறுங்குச்சுன்னா அடியில இருக்கறது நாமதான்.

நட்டு துருப்பிடிச்சு கல்லு மாதிரி இருக்கும், முந்தின நாளே துரு எடுக்குற ஆயில் அடிச்சு ஊற விட்டுருங்க. புது ஷாக்க மாட்டறதுக்கு முன்னாடி நிமித்திப் புடிச்சு முழுசா இழுத்து அமுக்கி காத்து வெளியேத்தணும், மொதல்ல லொட லொடன்னு போகும், அப்புறம் ஒரே சீரா கனமா வரும். ஷாக்கோட ரெண்டு முனையிலயும் இருக்கற புஷ் ரப்பரையும் புதுசா போட்டுருங்க. கடைசி டைட்டு மட்டும் வண்டி வெயிட்டு பிளேட்டு மேல இருக்கும்போது பண்ணணும், தொங்கும்போது முறுக்குனா ரப்பர் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன்னாடி காயில் ஸ்பிரிங், அமுங்கி நிக்குற சமாச்சாரம், அத மெக்கானிக் அண்ணன்கிட்டயே விட்டாச்சு.