பெயிண்ட் வாளிக் குழி

"நம்ம குழி எவ்வளவு அகலம்க்கா?" என்று அவன் கேட்டபோது நான் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி "என்னடா?" என்றேன். நன்றாகவே விழுந்திருந்தது.

போனில் பார்த்திருக்கிறான். கோல்ஃப் குழியின் வாய் 108 மில்லிமீட்டர், எந்த நாட்டுக்குப் போனாலும் அதுதான். எங்கள் களத்து ஓரத்தில் நான் புதைத்து வைத்திருந்தது இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, ஒரு அடிக்குப் பக்கம் வரும். "கொஞ்சம் பெருசுதான்" என்றேன். அவன் சக்கர நாற்காலி வண்டியை உருட்டிக்கொண்டு போய், குனிந்து, விரல்களை விரித்து வைத்துப் பார்த்தான். ஒரு சாண் போக இன்னும் மிச்சம் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குள் இருக்கிற பிசியோதெரபிஸ்ட், 'அட, கைப்பிடியைப் பிடிக்காமலே நிமிர்கிறானே' என்று குறித்துக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

போன வருஷம் தை அறுவடையில் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் மேலிருந்து விழுந்தவன். முதுகெலும்பில் டி12, அதாவது நெஞ்சுப் பகுதியின் கடைசி எலும்பில் அடி. பதினேழு வயது. ஊர் டீமில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். அதனாலேயே கிரிக்கெட் மட்டை பக்கம் நான் போகவில்லை. கிரிக்கெட் என்றால் ஒவ்வொரு பந்துக்கும் பழைய உடம்பு ஞாபகம் வரும். கோல்ஃப் எங்கள் பக்கம் யாருக்குமே தெரியாது, எனக்கும்தான். கொடைக்கானலில் பஸ் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்ததோடு சரி. கோயம்புத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் பழைய மட்டைகள் நாலைக் கொடுத்தார். ஒன்றை வெல்டிங் பட்டறையில் அறுத்துக் குட்டையாக்கினோம். பிரேக்கைப் போட்டு, ஒரு கையால் வண்டியைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி இன்னொரு கையால் அடிக்கவேண்டும். அஞ்சு பந்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் புண் வந்துவிடும். படுக்கையில் இருந்தபோது இதைத் தலைகீழாக நின்று சொன்னாலும் செய்யமாட்டான். களத்தில் நான் சொல்லாமலே செய்தான். உளுந்து எடுத்த வயல் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும், களத்தைத் தாண்டின பந்து வெடிப்புக்குள் போய்விட்டால் குச்சியை விட்டுத் துழாவணும். "வாளியில விழாதது இதுல மட்டும் கரெக்டா விழுதுக்கா" என்று சிரிப்பான். விபத்துக்கு அப்புறம் அவன் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் எந்த பிசியோவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். முதலில் சுலபம், அப்புறம் கஷ்டம். நடை பழக்குகிற இரட்டைக் கம்பிக்கு நடுவில் நிற்கவைக்கும்போது "நான் பிடிக்கல, நீயேதான் நிக்கிற" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலை பெல்ட்டுக்குள் வைத்திருப்போம். அந்தப் பொய்க்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவனிடம் அன்றைக்கு இப்படியெல்லாம் பேச வரவில்லை. டக்ளஸ் பேடர் கதையைத்தான் எடுத்தேன், 1931இல் விமான விபத்தில் இரண்டு காலையும் இழந்து, செயற்கைக் கால்களோடு கோல்ஃப் ஆடினாரே, அந்த விமானி. முழுசாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு யாருக்கா வாளி புதைச்சா?" என்றான்.

அவன் என்னைவிட அதிகம் படித்திருந்தான். 2023இலிருந்து கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே 25ஆவது விதியாக மாற்றுத்திறனாளிகளுக்கானதைச் சேர்த்துவிட்டார்கள். பார்வையில்லாதவருக்கு இன்னொருவர் திசை வைத்துக் கொடுக்கலாம், வண்டியில் இருப்பவருக்குத் தனிச் சலுகைகள். "எல்லாம் மாத்தியிருக்காங்க, குழியை மட்டும் மாத்தலைக்கா. ஹேண்டிகேப்புன்னு திறமைக்குத் தக்கபடி அடி எண்ணிக்கையில கழிச்சுக் கொடுக்கறதுகூட எல்லாருக்கும் தெரிஞ்சுதான். நீங்க சொல்லிட்டே பண்ணியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விட்டுட்டுப் போயிருப்ப."

"போயிருப்பேனா இருக்கும்."

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். அவன் சொன்னது எனக்குச் சாதகமான பதில்தானே? அப்படித் தோன்றவே இல்லை.

நாலு நாள் வரவில்லை. அஞ்சாம் நாள் அவன் அப்பா, மோட்டார் தண்ணீர் போகிற நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு முழத் துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். "இதைப் புதைச்சுத் தரச் சொன்னான்மா." வெளிவாய் 110 மில்லிமீட்டர். வாளிக்கு நாலடி தள்ளிப் புதைத்தோம். முதல் நாள் இருபது பந்தில் ஒன்று விழுந்தது. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் ஒரு மாலைக்கு அறுபது பந்து அடிப்பான், இப்போது இருபதோடு வண்டியைத் திருப்பிவிடுகிறான். அடித்த பந்துகளைக் குறித்துவைக்கிற நோட்டை வைத்துப் பார்த்தால் வாளிதான் சரி. நோட்டு என்னுடையது என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் சேர்ந்தாள், பதினாலு வயது, பைக் விபத்தில் வலது கை போய்விட்டது. இடது கையில் மட்டையைக் கொடுத்து வாளி இருக்கிற பக்கம்தான் நிறுத்தினேன். பைப் எதற்கு என்று கேட்டாள், அது அண்ணனோடது என்றேன். நேற்று ஆறு பந்து உள்ளே போட்டாள்.

அவன் என் பக்கத்தில் வந்து, "அவகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்றான்.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.