எண்பதில் அப்பா இருக்கிறாரா?

"நீங்க சொன்ன எண்பதுல எங்கப்பா இருக்காரா சார்?"

கேட்டவர் நான் ஆபரேஷன் செய்த ஒருவரின் மகன். கோபமாகக் கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "இருக்கார் தம்பி" என்றேன். எங்கள் கணக்குப்படி அது சரியான பதில். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்திடம் சதவீதம் சொல்ல வாய் திறந்தாலும் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அந்த எண்ணை நான் சொன்னது நள்ளிரவுக்குப் பிறகு, சி.டி. படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது. டைப் ஏ டிசெக்‌ஷன். மகாதமனியின் உட்சுவர் இதயத்துக்குச் சற்று மேலே கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே வழி பண்ணிக்கொண்டு மகாதமனியின் வளைவைத் தாண்டி, இடது கழுத்துத் தமனிக்குள்ளும் புகுந்திருந்தது. ஐம்பதுகளில் இருந்த லாரி ஓட்டுநர். பிரஷர் மாத்திரையை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் போன இடத்தில் மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாரடைப்பு அன்றாடம் வருவது. இதுவோ லட்சம் பேரில் வருடத்துக்கு மூன்று நான்கு பேருக்கு வருவது. ஆனால் ரத்தத்தை உறையவிடாத அந்த மாத்திரைகள் உள்ளே போயிருந்தால் தையல் போட்ட இடமெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும்.

அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். வண்டி டியூ கட்ட வேண்டிய தேதியை மகனுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். இதை எழுதக் காரணமே அதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது. நினைவில்லாமல் வந்திருந்தால் இந்தக் கேள்வி இப்படி ஒட்டிக்கொண்டிருக்காது.

அன்று இரவு மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நூத்துக்கு எவ்வளவு சார் சான்ஸ்?"

எண்பது என்றேன். அது நானாகக் கற்பித்த எண் இல்லை. இந்த நோய்க்கான ஐராட் என்ற சர்வதேசப் பதிவேடு 1996இல் தொடங்கியது. 2000இல் வந்த அதன் முதல் பெரிய அறிக்கையில், ஆபரேஷன் செய்தவர்களில் 26 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். மருந்தோடு நிறுத்தியவர்களில் 58 சதவீதம். பின்னால் ஆபரேஷன் இறப்பு 18 சதவீதத்துக்கு இறங்கியது. ஜெர்மனியின் கெராடா பதிவேட்டிலும் 30 நாள் இறப்பு 17 பக்கம்தான். நூறில் கழித்து, கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். ஆனால் அவை வருடம் முழுக்க இதே ஆபரேஷனைச் செய்கிற பெரிய மையங்களின் எண்கள். நியூயார்க் மாநிலத்தில் பைபாஸ் முடிவுகளை மருத்துவமனை வாரியாக, சர்ஜன் வாரியாக வெளியிடுகிறார்கள். நம் ஊரில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. எங்கள் எண்ணைத் தனியாகச் சொல்லலாம் என்றால், நாங்கள் செய்கிற இந்த ஆபரேஷன்கள் சதவீதம் போடப் போதாத அளவு கொஞ்சம். ஒரு மோசமான மாதம் வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். பிறகு எந்த எண்ணைத்தான் சொல்வது?

யோசித்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு ஒன்றிரண்டு சதவீதம் பேர் போய்விடுவார்கள் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மகன் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

உள்ளே நடந்ததையும் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். வலது கைக்குப் போகும் தமனி வழியாக, இதயத்தின் வேலையைச் செய்யும் பம்பை இணைத்தோம். உடலை 25 டிகிரி வரை குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்கு மட்டும் அந்த வழியாக ரத்தம் அனுப்பினோம். 1975இல் கிரிப் என்ற அமெரிக்க சர்ஜன் வளைவு ஆபரேஷன்களில் குளிர்வித்து நிறுத்தும் முறையைக் காட்டியதிலிருந்து இந்த வேலையின் அடிப்படை இதுதான். நெற்றியின் இரண்டு பக்கமும், மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் சென்சார் ஒட்டியிருந்தது. வலது பக்க எண் அசையவில்லை, இடது பக்கம் இறங்க ஆரம்பித்தது. மயக்க மருந்து டாக்டர் "லெஃப்ட் டிராப் ஆகுது" என்றார். வளைவுக்குள்ளிருந்து இடது கழுத்துத் தமனியின் வாயைத் தேடி, கிழிந்த உறைக்குள் போகாமல் உண்மையான குழாய்க்குள் ரத்தம் அனுப்பும் இன்னொரு கேனுலாவை, அதாவது மெல்லிய குழாயை, வைத்தேன். எண் ஏறியது. அதற்கு எடுத்த நேரம் அதிகமில்லை. மூளைக்கு எது அதிகம் என்பதுதான் தெரியாது.

அப்புறம் தையல். அந்தச் சுவர் நனைந்த அப்பளம் மாதிரி, நூலை இழுத்தால் கூடவே வரும். உள்ளேயும் வெளியேயும் ஃபெல்ட் பட்டை வைத்து, நடுவில் சுவரை அடக்கி, டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயோடு சேர்த்துத் தைத்தேன். வளைவு முழுவதையும் மாற்றவில்லை, அடிப்பக்கத்தை மட்டும் மாற்றினேன். பிறகு நடந்த கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "ஆர்ச் முழுசா மாத்தி, கரோட்டிடுக்குத் தனிக் குழாய் கொடுத்திருந்தா?" என்று கேட்டார். கரோட்டிட் என்றால் அந்தக் கழுத்துத் தமனி. நியாயமான கேள்வி. முழு வளைவு என்றால் பம்பில் இன்னும் அதிக நேரம், அந்த மாத்திரைகளோடு இன்னும் அதிகக் கசிவு. ஆளை உயிரோடு வெளியே கொண்டுவருவதுதான் அன்று என் கணக்கு. இன்றைக்கும் அந்த இடத்தில் அதையேதான் செய்வேன்.

உயிரோடு வந்தார். மயக்கம் தெளிந்தபோது வலது கை அசையவில்லை. கண் நம்மைப் பார்க்கிறது, பேச்சு வரவில்லை. ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. மூச்சுவிடக் கழுத்தில் துளை போடும் டிராக்கியாஸ்டமி, பிசியோ, மூக்குவழிக் குழாய். முப்பதாவது நாள் பதிவேட்டில் "உயிருடன்" என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் மகன் அப்படிக் கேட்டார்.

பக்கவாதம் வரலாம் என்று சொன்னேனா? சொன்னேன். கன்சென்ட் படிவத்திலும் இருக்கிறது. பெரிய பதிவேடுகளிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. ஆனால் கிட்னி, ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, பக்கவாதம் என்று வரிசையில் ஒன்றாகச் சொன்னேன். எண் போட்டுச் சொன்னது எண்பதை மட்டும்தான். அந்த நேரத்தில் நிற்கிற ஒரு மகன் காதில் எது விழும்? எண்பதுதான் விழும், விழவேண்டும் என்றுகூட நான் நினைத்திருக்கலாம். அவர் தயங்கினால் அப்பா போய்விடுவார். தயங்கவிடாமல் பேசுவதும் என் வேலைதானே?

முப்பது நாளில் ஒருவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசிக்கும்போது மைக்கேல் டிபேக்கி நினைவுக்கு வருவார். இந்த நோயை வகைப்படுத்தியவர், டேக்ரான் குழாயைத் தையல் மெஷினில் தைத்துப் பார்த்தவர். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே இது வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்தார். நினைவு மங்கிய பிறகு, நெறிமுறைக் குழு கூடிப் பேசி, 2006 பிப்ரவரியில் ஹூஸ்டனில் செய்தார்கள். வாரக்கணக்கில் வென்டிலேட்டர், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. முப்பதாவது நாளில் யாராவது பார்த்திருந்தால், இது எதற்கு என்று கேட்டிருப்பார்கள். அவரோ எழுந்து வேலைக்குத் திரும்பினார். செய்தது நல்லதுதான் என்று பின்னால் சொன்னார். 99 வயதுவரை இருந்தார். என் பேஷண்டும் அப்படி வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வந்த தூரம் வேறு.

அதற்குப் பிறகு நான் சொல்லும் விதம் மாறியது. எத்தனை பேர் உயிரோடு வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நடந்து பேசி வீட்டுக்குப் போகிறார்கள் என்று இரண்டையும் எண்ணோடு சொல்ல ஆரம்பித்தேன். இதே நோயோடு வந்த ஒரு அம்மாவுக்கு அப்படிச் சொன்னபோது இரண்டு மகன்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் "அம்மா படுக்கையில கிடந்தா தாங்காது சார்" என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போனார்கள். வெளியே ஆம்புலன்ஸ் கிளம்பும்போது சிஸ்டர் கேட்டார்: "எண்பதுன்னு மட்டும் சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாங்கல்ல டாக்டர்?" போட்டிருப்பார்கள். அந்த அம்மாவின் வால்வு நன்றாக இருந்தது, கழுத்துத் தமனிகள் சுத்தமாக இருந்தன. நல்ல முடிவுக்கு வாய்ப்புள்ள கேஸ். மறுநாள் வீட்டிலேயே போய்விட்டார் என்று தெரியவந்தது.

அவர்கள் முடிவு அவர்களுக்குச் சரியாக இருந்திருக்கலாம். அம்மாவை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எங்கள் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. ஆபரேஷன் செய்தவர்களைத்தான் எண்ணுகிறோம். அவர் போனதால் எங்கள் சதவீதம் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இப்போது பதிவேட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: பேச்சு, நடை, வேலை. லாரிக்காரரின் மகனுக்கு நான்தான் போன் செய்தேன். நாலைந்து வார்த்தை வருகிறதாம், பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாராம். வண்டியை விற்றாயிற்று. "நல்லா இருக்கார்னு எழுதிக்கோங்க சார்" என்றார். "வேலை" என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டேன்.

ஆபரேஷன் செய்யாமல் திரும்பிப் போகிறவர்களையும் எழுதவேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை. இன்று இரவு ஒரு கேஸ் வந்தால் இரண்டு எண்களையும் சொல்வேன். எண்பதை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பதில்தான் மனம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் சொல்வது அவர்கள் மனதில் தங்கும் என்று எனக்குத் தெரியும்.